15.7 மீட்டர்: ஒரு கணக்கும் அதைத் தள்ளிவைத்த முடிவும்

ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் முதல் நான்கு உலைகளும் கடல்மட்டத்துக்கு 10 மீட்டர் மேலே உள்ள தரையில் நின்றன. அங்கே 15.7 மீட்டர் வரை சுனாமி ஏறக்கூடும் என்ற கணக்கு, நிலையத்தை நடத்திய டோக்கியோ மின்சார நிறுவனத்தின் கைக்கு 2008 மார்ச்சில் வந்தது. நிறுவனத்தைச் சுருக்கமாக டெப்கோ என்பார்கள். ஜூன் 10 அன்று பொறியாளர்கள் அந்தக் கணக்கை அணுமின் பிரிவின் மேலிடத்தில் விளக்கினார்கள். ஜூலை 31 அன்று முடிவு வந்தது: கணக்கின் அடிப்படை எவ்வளவு நம்பத்தக்கது என்று சிவில் பொறியாளர் சங்கத்திடம் ஆராயக் கொடுப்போம், அதன் பதில் வந்த பிறகு பார்க்கலாம். தடுப்புப் பணி எதுவும் தொடங்கப்படவில்லை. இரண்டு ஆண்டு ஏழு மாதம் கழித்து அலை வந்தது.

முடிவெடுத்தவர்கள் குற்றவாளிகளா என்பது இங்கே கேள்வி இல்லை. குற்றவியல் வழக்கில் விடுதலைத் தீர்ப்பு 2025-இல் இறுதியாகிவிட்டது. இந்த ஆய்வு கேட்பது வேறு. நிச்சயமில்லாத ஒரு தகவல் கையில் இருக்கிறது. அது பொய்யானால் கொஞ்சம் பணம் மிச்சம், மெய்யானால் ஒரு வட்டாரமே காலி. இப்படிப்பட்ட நிலையில் இரண்டு பக்கத்தையும் எப்படி எடைபோட வேண்டும், 2008-இல் அந்த எடைபோடல் எந்த இடத்தில் பிசகியது?

அன்று கையில் இருந்தவை

நிலையத்துக்கு 1960-களில் அனுமதி வாங்கியபோது, 1960 சிலி நிலநடுக்கத்தின் சுனாமியை வைத்து 3.1 மீட்டர் என்று உச்ச அலையைக் கணித்திருந்தார்கள். கடலோரம் 30 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்ற மேட்டை வெட்டித் தாழ்த்தி 10 மீட்டர் தளம் அமைத்தார்கள். குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்புகள் இன்னும் கீழே, 4 மீட்டர் தளத்தில் இருந்தன. 2002-இல் சிவில் பொறியாளர் சங்கம் வகுத்த புதிய முறைப்படி உச்ச அலை 5.7 மீட்டர் ஆனது. பம்பு மோட்டார்களை அதற்கேற்ப உயர்த்தினார்கள்.

அதே 2002 ஜூலையில் அரசின் நிலநடுக்க ஆய்வுத் தலைமையகம் ஒரு நீண்டகால மதிப்பீட்டை வெளியிட்டது. இந்த வழக்கின் அச்சாணி அதுதான் என்பதால் அதன் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வடக்கே சன்ரிகு கடல் தொடங்கித் தெற்கே போசோ வரை, ஜப்பான் அகழி என்ற கடலடிப் பள்ளம் சுமார் 800 கிலோமீட்டர் நீளம். அந்த நீளத்தில் 400 ஆண்டுகளில் பெரிய சுனாமி நிலநடுக்கங்கள் மூன்று: 1611, 1677, 1896. சராசரியாக 133 ஆண்டுக்கு ஒன்று. இதை வைத்து அடுத்த 30 ஆண்டில் அகழியில் எங்காவது ஒன்று நிகழ வாய்ப்பு சுமார் 20 விழுக்காடு. ஒரு நிலநடுக்கம் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்தை உடைக்கும் என்று கொண்டால், குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு அதில் நாலில் ஒரு பங்கு. 530 ஆண்டுக்கு ஒருமுறை, அதாவது 30 ஆண்டில் சுமார் 6 விழுக்காடு.

ஃபுகுஷிமாவுக்கு நேர் எதிரே உள்ள அகழிப் பகுதியில் இப்படி ஒரு நடுக்கம் நிகழ்ந்ததாகப் பதிவு இல்லை. 'அகழி முழுதும் ஒரே தன்மை, ஆகவே எங்கும் நிகழலாம்' என்ற அனுமானத்தின் மேல்தான் அந்த 6 விழுக்காடு நிற்கிறது. தலைமையகம் இதை மறைக்கவில்லை. பின்னர் வெளியிட்ட நம்பகத்தன்மைப் பட்டியலில், நடுக்கத்தின் அளவு பற்றிய கணிப்புக்கு 'ஏ' கொடுத்தது. இடம், நிகழ்தகவு இரண்டுக்கும் 'சி' கொடுத்தது. ஓரளவு குறைவு என்பது அதன் பொருள்.

1896 மெய்ஜி சன்ரிகு நடுக்கத்தின் பிளவு மாதிரியை அப்படியே ஃபுகுஷிமாவுக்கு எதிரே கொண்டுவந்து வைத்துக் கணக்கிட்டபோது கிடைத்ததுதான் 15.7 மீட்டர். நிலையத்தின் தெற்கு ஓரத்தில் அந்த உயரம் வந்தது. அதே ஆண்டு இன்னொரு கணக்கும் போட்டார்கள். 869-ஆம் ஆண்டின் ஜோகன் சுனாமி விட்டுச்சென்ற மணல் படிவுகளிலிருந்து கட்டிய மாதிரி அது. அதில் 9 மீட்டர் அளவில் விடை வந்தது. 10 மீட்டர் தளத்துக்கு அது ஆபத்தில்லைதான், ஆனால் 4 மீட்டர் தளத்துப் பம்புகள் தப்பாது.

தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்பதும் தெரியாத விஷயம் இல்லை. 1999 டிசம்பரில் பிரான்சின் பிளாயே அணுமின் நிலையத்தில் புயல்நீர் புகுந்தது. 2004 டிசம்பரில் கல்பாக்கத்தில் கடல்நீர்ப் பம்பு நிலையத்துக்குள் சுனாமி நீர் ஏறி, ஓடிக்கொண்டிருந்த உலையை நிறுத்த வேண்டியதாயிற்று. இதைப் பார்த்துத்தான் ஜப்பானின் ஒழுங்குமுறை அமைப்பு ஒரு வெள்ள ஆய்வுக் குழுவைக் கூட்டியது. 2006-இல் அந்தக் குழு முன் ஐந்தாவது உலை பற்றி டெப்கோவே சொன்னது: 10 மீட்டர் அலை வந்தால் கடல்நீர்ப் பம்புகள் போகும், 14 மீட்டர் வந்தால் மின்சாரம் முழுதும் போகும்.

ஆகவே விளைவில் ஐயம் இல்லை. ஐயம் முழுதும் வாய்ப்பில்தான் இருந்தது.

அலை வந்த அன்று

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. நிலநடுக்கத்தின் அளவு 9.0. ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. வெளி மின்சாரம் அறுந்ததும் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. இதுவரை எல்லாம் வடிவமைத்தபடி. சுமார் 3.37-க்குப் பெரிய அலை தளத்தின் மேல் ஏறியது. நான்கு உலைகளைச் சுற்றியும் 11.5 முதல் 15.5 மீட்டர் உயரம் வரை நீர் நின்றது.

நிலையத்தில் அவசர டீசல் ஜெனரேட்டர்கள் 13. அவற்றில் 12 செயலிழந்தன. எப்படி இழந்தன என்பதில்தான் பாடம் இருக்கிறது. பெரும்பாலானவை டர்பைன் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்து மூழ்கின. ஆனால் இரண்டாம், நான்காம் உலைகளுக்கு ஆளுக்கு ஒன்றாகக் காற்றால் குளிரும் ஜெனரேட்டர்கள் வேறொரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தன. அவற்றை நீர் கெடுக்கவில்லை. எஞ்சின் நன்றாகவே இருந்தது. ஆனால் அதிலிருந்து வரும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் சுவிட்ச் பலகைகள் அதே கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன. பலகை மூழ்கியது, நல்ல ஜெனரேட்டர் சும்மா நின்றது. ஆறாவது உலையின் காற்றால் குளிரும் ஜெனரேட்டருக்கு மட்டும் பலகையும் தப்பியது. அந்த ஒன்றை வைத்து ஐந்தாவது, ஆறாவது இரண்டு உலைகளையும் காப்பாற்றி, மார்ச் 20-இல் குளிர்நிறுத்தத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒன்று, இரண்டு, நான்கு உலைகளில் பேட்டரி மின்சாரமும் போனதால் அளவுமானிகள் இருண்டன. மூன்றாவதில் பேட்டரிகள் சற்று உயரமான இடைத்தளத்தில் இருந்ததால் ஒரு நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தன. மற்றவற்றில் கார் பேட்டரிகளைக் கழற்றிவந்து கட்டுப்பாட்டு அறையில் இணைத்து நீர்மட்டம் பார்த்தார்கள். இரண்டாவது உலையில் நனையாத பலகை ஒன்று கிடைத்தது. மின்வண்டியிலிருந்து (ஜெனரேட்டர் ஏற்றிய லாரி) அதற்கு 200 மீட்டர் நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கேபிளை நாற்பது பேர் தோளில் இழுத்துப் போட்டார்கள். மறுநாள் மாலை 3.30 அளவில் இணைப்பு முடிந்தது. 3.36-க்கு முதல் உலைக் கட்டடத்தில் ஹைட்ரஜன் வெடித்துக் கேபிள் சிதைந்தது.

ஒரு பலகை எந்த மாடியில் இருக்கிறது என்பது இவ்வளவு தூரம் போகும். பின்னால் வரும் கணக்குக்கு இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போட்டிருந்தால்

அலையைத் தடுக்கும் மதில் கட்ட 2008-இல் பேசப்பட்ட செலவு சில ஆயிரம் கோடி யென், காலம் சுமார் நான்கு ஆண்டு. வசதிக்காக 5,000 கோடி என்று கொள்வோம். விபத்தின் செலவை ஜப்பான் அரசு 2016-இல் 21.5 லட்சம் கோடி யென் என்றும் 2023-இல் 23.4 லட்சம் கோடி என்றும் கணித்தது. கணக்குக்கு 20 லட்சம் கோடி போதும்.

மதிப்பீடு முழுதும் சரி என்று நம்பினால், 30 ஆண்டில் எதிர்பார்க்கும் இழப்பு 20 லட்சம் கோடியில் 6 விழுக்காடு, அதாவது 1.2 லட்சம் கோடி யென். மதிலின் செலவைப்போல் 24 மடங்கு. ஆனால் யாரும் முழுதாக நம்பத் தேவையில்லை. சரியான கேள்வி இது: மதில் கட்டுவது நட்டமாகாமல் இருக்க, மதிப்பீட்டை எவ்வளவு நம்பினால் போதும்? 5,000-ஐ 1,20,000-ஆல் வகுத்தால் சுமார் 4 விழுக்காடு. நூற்றுக்கு நான்கு பங்கு நம்பிக்கை இருந்தாலே செலவுக்குச் சரியாகிவிடுகிறது. இந்த எண்ணை நம்பிக்கை வாசல் என்று அழைப்போம். நிகழ்தகவைப் பற்றிச் சண்டைபோடும் கூட்டங்களில் இதைப்போல் உதவும் கருவி வேறில்லை. 'எவ்வளவு வாய்ப்பு?' என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்வார்கள். 'நாலு விழுக்காட்டுக்கும் கீழே என்று உறுதியாகச் சொல்வீர்களா?' என்று கேட்டால் பெரும்பாலும் அறை அமைதியாகும்.

இப்போது கணக்கை எதிர்ப்பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அது நேர்மை இல்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டு 20 லட்சம் கோடி என்கிறோம். 2008-இல் உட்கார்ந்து யோசித்தவர் 5 லட்சம் கோடி என்று நினைத்திருக்கலாம். அப்போது வாசல் சுமார் 17 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. பழைய உலைகள் இன்னும் பத்தாண்டுதான் ஓடும் என்று கொண்டால் வாய்ப்பு 2 விழுக்காடாகி, வாசல் 50-க்குப் போகிறது. செலவும் மதிலோடு நிற்காது. 2007 ஜூலை நிலநடுக்கத்தில் டெப்கோவின் இன்னொரு அணுமின் நிலையமான காஷிவாசாகி-காரிவாவின் ஏழு உலைகளும் நின்று டெப்கோ நட்டத்தில் இருந்த காலம் அது. '15.7 மீட்டர்' என்று ஒப்புக்கொண்டால் மதில் எழும்வரை ஃபுகுஷிமாவையும் நிறுத்தச் சொல்வார்கள் என்ற அச்சம் உண்மையானது. அதையும் சேர்த்துச் செலவு 20,000 கோடி என்றால், 20 லட்சம் கோடி இழப்புக்கும் 30 ஆண்டுக்கும்கூட வாசல் 17 விழுக்காடு.

ஆக, மதில் விஷயத்தில் வாசல் 4-இலிருந்து 50-க்கு மேலும் ஆடுகிறது. 'சி' தர நம்பகத்தன்மையை அதற்குள் எங்கே வைப்பது என்பதில் அறிவுள்ளவர்கள் வேறுபடலாம். மதிலை உடனே கட்டாதது பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை. முடிவின் பிழை அங்கே இல்லை.

பிழை எங்கே

மேசையில் இரண்டே தெரிவுகள் இருந்தன: பெரிய மதில், அல்லது காத்திருப்பு. நடுவில் கிடந்தவற்றை யாரும் விலை கேட்கவில்லை.

என்னென்ன கிடந்தன? அடித்தளங்களுக்கு நீர்புகாக் கதவுகள். குழாயும் கேபிளும் சுவரைத் துளைக்கும் இடங்களை அடைப்பது. ஒரு உலைக்கு ஒரு செட் சுவிட்ச் பலகையையும் பேட்டரியையும் மேல்மாடிக்கு ஏற்றுவது. மேட்டில் சில மின்வண்டிகளையும், அவற்றுக்குப் பொருந்தும் இணைப்பு முனையோடு கேபிளையும் தயாராக வைப்பது. நீர் ஏறி மின்சாரம் போனால் என்ன செய்வது என்று பயிற்சி எடுப்பது. இவை எல்லாம் சேர்ந்து 200 கோடி யென் என்று ஓர் எடுத்துக்காட்டு எண்ணை வைப்போம். இழப்பில் பாதியைத்தான் தடுக்கும் என்றும் கஞ்சத்தனமாகக் கொள்வோம். மேலே உள்ள மிகப் பாதகமான எண்களையே போடலாம்: இழப்பு 5 லட்சம் கோடி, பத்தாண்டு, வாய்ப்பு 2 விழுக்காடு. எதிர்பார்க்கும் இழப்பு 10,000 கோடி, அதில் பாதி 5,000 கோடி. வாசல் 5,000-க்கு 200, அதாவது 4 விழுக்காடு. எடுத்துக்காட்டு எண் ஐந்து மடங்கு தவறென்றாலும் 20 விழுக்காடுதான். இதை மறுக்க வேண்டுமானால் அரசின் மதிப்பீடு தவறு என்பதில் 80 முதல் 96 விழுக்காடு உறுதி வேண்டும். அந்த உறுதி யாரிடமும் இல்லை. இருந்திருந்தால் ஆராயக் கொடுத்திருக்கவே மாட்டார்கள்.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு, மதிலை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தென்படாதது. 2011-இல் வந்தது 2002 மதிப்பீடு சொன்ன நடுக்கமே இல்லை. அதைவிடப் பல மடங்கு பெரியது, பல பகுதிகளைச் சேர்த்து உடைத்தது. தெற்கிலிருந்து ஏறும் 15.7 மீட்டருக்கு என்று மதில் கட்டியிருந்தால், கிழக்கிலிருந்து வந்த நீர் அதைத் தாண்டியிருக்கலாம். 2022 ஜூனில் ஜப்பானின் உச்ச நீதிமன்றம், அரசு ஆணையிட்டு மதில் கட்டியிருந்தாலும் விபத்து நேர்ந்திருக்கக்கூடும் என்று கூறி அரசின் பொறுப்பை மறுத்தது. ஆனால் மேல்மாடியில் இருக்கும் பலகைக்கு நீர் எந்தத் திசையிலிருந்து வந்தால் என்ன? மதில் ஒரு குறிப்பிட்ட கதைக்கு எதிரான காப்பு. உயர்த்திய பலகை, நீர் உள்ளே வந்துவிட்டது என்ற நிலைக்கு எதிரான காப்பு. அதீத விளைவுகளில் கதை எப்போதும் கொஞ்சம் வேறாகத்தான் வரும். ஆகவே கதையை ஊகிக்கத் தேவையில்லாத காப்புக்கு முதலிடம் தர வேண்டும். விலையும் அதற்குத்தான் குறைவு.

டோக்காய் டாய்னி அணுமின் நிலையத்தில் இதன் சிறு வடிவம் நடந்தது. இபராக்கி மாகாணம் 2007-இல் வெளியிட்ட சுனாமிக் கணிப்பை ஏற்று, கடல்நீர்ப் பம்புகளைச் சுற்றியிருந்த 4.9 மீட்டர் தடுப்பை 6.1 மீட்டராக உயர்த்தினார்கள். 2010 செப்டம்பரில் சுவர் எழும்பியது. துளைகளை அடைக்கும் வேலை ஒரு பக்கத்தில் பாக்கி இருந்தபோதே 2011 அலை வந்தது. உயரம் சுமார் 5.4 மீட்டர். பாக்கியிருந்த பக்கத்தில் நீர் புகுந்து ஒரு பம்பு போனது, அதோடு ஒரு டீசல் ஜெனரேட்டர் நின்றது. மீதி இரண்டு ஓடின, உலை குளிர்ந்தது. அரைகுறை வேலையே அங்கே போதுமானதாக இருந்தது.

நடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த ஒனகாவா நிலையத்தின் கதை வேறு விதம். முதல் உலைக்கு அனுமதி கேட்டபோது பழைய பதிவுகளை வைத்து 3 மீட்டர் அளவுக்குத்தான் சுனாமியை எதிர்பார்த்தார்கள். ஆனாலும் தளத்தை 14.8 மீட்டரில் வைத்தார்கள். பழைய பெருஞ்சுனாமிகளைச் சுட்டிக்காட்டி உயரம் வேண்டும் என்று வற்புறுத்தியவராக ஹிராய் யானோசுகே என்ற பொறியாளர் நினைவுகூரப்படுகிறார். 2011-இல் நிலமே ஒரு மீட்டர் தாழ்ந்தது. வந்த அலை சுமார் 13 மீட்டர். தளம் தப்பியது. ஊரை இழந்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் அந்த நிலையத்துக்குள்ளேயே தங்கினார்கள்.

காத்திருப்பின் விலை

'ஆராய்ந்து முடிவெடுப்போம்' என்பது நடுநிலையான பேச்சுப்போல் ஒலிக்கும். உண்மையில் அது ஒரு பந்தயம்: ஆய்வு முடியும்வரை அலை வராது என்பதில் கட்டிய பந்தயம். ஆண்டுக்கு 0.2 விழுக்காடு வாய்ப்பு என்றால் நான்காண்டுக் காத்திருப்புக்கு 0.8 விழுக்காடு. 20 லட்சம் கோடியால் பெருக்கினால் 16,000 கோடி யென். ஆய்வு தரும் தகவலுக்குக் கொடுக்கும் விலை இது. பாதி நம்பிக்கை வைத்தால் 8,000 கோடி. எந்த ஆய்வும் அவ்வளவு பெறாது. ஆனால் கதவும் பலகையும் தயாராகிவிட்டால் அதே காத்திருப்பின் விலை பாதியாகிறது. அப்போது மதிலைப் பற்றி நிதானமாக ஆராயலாம். ஆராயக் கொடுத்தது தவறில்லை, வெறுங்கையோடு காத்திருந்ததுதான் தவறு. 15.7 என்ற எண்ணை ஒழுங்குமுறை அமைப்பிடம் டெப்கோ தெரிவித்த நாள் 2011 மார்ச் 7. நான்கு நாள் மிச்சம்.

நல்ல பக்கத்தில் என்ன இருந்தது என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும். கணிப்பு பொய்யாகி எதுவும் வராமல் போனால் கிடைப்பது செலவு மிச்சம், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்கு உச்சவரம்பு உண்டு: மதிலும் நிறுத்திவைப்பும் சேர்ந்த தொகைக்கு மேல் ஒரு யென்கூட வராது. கெட்ட பக்கத்துக்கு அப்படி வரம்பு தெரியவில்லை. நடந்ததே கடைசிப் படி இல்லை. நான்காவது உலையின் எரிபொருள் குளத்தில் 1,535 எரிபொருள் தொகுப்புகள் இருந்தன. குளம் வற்றும் என்று உலகமே அஞ்சியது. பக்கத்திலிருந்த உலைக்கிணறு பராமரிப்புக்காக நீர் நிரம்பியிருந்ததும், இடையிலிருந்த கதவு வழியே அந்த நீர் குளத்துக்குள் கசிந்ததும் யாரும் திட்டமிட்டவை அல்ல. மார்ச் 25-இல் அணுசக்தி ஆணையத் தலைவர் கோண்டோ ஷுன்சுகே பிரதமருக்குக் கொடுத்த மிக மோசமான நிலைக் கணிப்பில், 170 கிலோமீட்டர் வரை கட்டாய வெளியேற்றமும், விரும்பியோர் வெளியேறும் வட்டமாக டோக்கியோவைத் தொடும் 250 கிலோமீட்டரும் இருந்தன. இழப்பு எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது 'நடந்தது' என்ற ஒரே புள்ளியில் நிற்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

யாருடைய கணக்கேட்டில் எழுதுகிறோம் என்பது அடுத்தது. டெப்கோவின் சொந்த மூலதனம் அன்று இரண்டு மூன்று லட்சம் கோடி யென். சட்டப்படி அணு இழப்புக்கு நடத்துநரின் பொறுப்புக்கு வரம்பில்லை. ஆனால் கையில் இல்லாததை யாரும் கொடுக்க முடியாது. 2012-இல் அரசு ஒரு லட்சம் கோடி யென் போட்டு நிறுவனத்தைக் கையில் எடுத்தது. நிறுவனத்தின் ஏட்டில் இழப்பு 3 லட்சம் கோடியோடு முடிகிறது. அந்த ஏட்டின்படி மதிலுக்கு வாசல் 28 விழுக்காடு, சமூகத்தின் ஏட்டின்படி 4. யாரும் பொய் சொல்லாமலே ஒரே தகவலிலிருந்து இரண்டு நேரெதிர் முடிவுகள் வர இது ஒன்றே போதும். ஆகவேதான் இப்படிப்பட்ட முடிவு நிறுவனத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடியக்கூடாது.

எந்தப் பயத்துக்கு எல்லை போடுவது

பெருக்கல் கணக்குக்கு ஒரு நோய் உண்டு. இழப்பு எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் எவ்வளவு சிறிய வாய்ப்பும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கோடியில் ஒன்று என்ற வாய்ப்புக்கும் 'உலகம் அழியும்' என்று எழுதினால் வேறு எந்த வேலையும் ஓடாது. அப்படியானால் 15.7 மீட்டரை மட்டும் ஏன் மதிக்க வேண்டும்?

மூன்று காரணம் சொல்லலாம். அலை வரும் வழிமுறை தெரிந்தது, பக்கத்திலேயே வரலாற்றில் மூன்று முறை நடந்தது. அலையிலிருந்து பேரிழப்பு வரையுள்ள ஒவ்வொரு படியையும் பெயர் சொல்லிக் காட்ட முடிந்தது: தளம், கதவு, பலகை, பம்பு, உலை. மூன்றாவது, சொன்னவர் எதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. எண்ணைப் பெரிதாக்கினால் அவருக்கு ஆதாயம் இல்லை, தன் கணிப்புக்குத் தானே 'சி' போட்டார். இந்த மூன்றும் இல்லாத பயமுறுத்தலில், சொல்லப்படும் இழப்பு பெரிதாகப் பெரிதாக அதன்மீது வைக்கும் நம்பிக்கையையும் அதே வேகத்தில் குறைப்பதுதான் முறை. மூன்றும் இருக்கும்போது, 'ஓரளவு குறைவு' என்பதைச் சுழியமாக வாசிக்கக்கூடாது. 2008-இல் நடந்தது அதுதான்.

மறுபக்கத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள்

கெட்ட பக்கத்தை மட்டும் பார்த்து ஓடுவதும் கொல்லும். இதே நிகழ்விலேயே அதற்குச் சான்று இருக்கிறது. வெளியேற்ற ஆணை 11-ஆம் தேதி இரவு 9.23-க்கு 3 கிலோமீட்டர், மறுநாள் காலை 5.44-க்கு 10 கிலோமீட்டர், மாலை 6.25-க்கு 20 கிலோமீட்டர் என்று விரிந்தது. 20 கிலோமீட்டருக்குள் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் இருந்தன. படுக்கையில் கிடந்தவர்களைப் பேருந்தில் ஏற்றி, மருத்துவர் துணையில்லாமல், சொட்டு மருந்து இல்லாமல், பல மணி நேரம் சுற்றவைத்தார்கள். மார்ச் முடிவதற்குள் அவர்களில் குறைந்தது 60 பேர் இறந்தார்கள் என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு கண்டது. ஃபுகுஷிமா மாகாணத்தில் நிலநடுக்கமும் சுனாமியும் நேரடியாகக் கொன்றவர்கள் சுமார் 1,600. இடப்பெயர்வும் அலைச்சலும் சிகிச்சை முறிவும் சேர்ந்து கொன்றவர்களாகப் பதிவானோர் 2,300-ஐத் தாண்டிவிட்டார்கள். கதிர்வீச்சால் மக்களிடையே கண்டறியத்தக்க உடல்நலக் கேடு காணப்படவில்லை என்று ஐநாவின் கதிர்வீச்சு விளைவுகள் அறிவியல் குழு பின்னர் முடிவு சொன்னது.

வெளியேற்றமே தவறு என்று இதிலிருந்து பெறக்கூடாது. கோண்டோவின் கணிப்பு நினைவிருக்கட்டும், அந்த நாள்களில் யாருக்கும் அடுத்த மணி என்ன என்று தெரியாது. ஆனால் கணக்குத் தாளில் 'வெளியேற்று' என்ற வரிக்கு எதிரே செலவு சுழியம் என்று எழுதப்பட்டிருந்தது. குழந்தைக்கும் தீவிர சிகிச்சை நோயாளிக்கும் ஒரே வரி. ஓடக்கூடியவரை உடனே அனுப்பிவிட்டு, படுக்கை நோயாளிகளைத் தடித்த சுவருக்குள் சன்னல் அடைத்து இரண்டு நாள் வைத்து, ஏற்கும் மருத்துவமனை உறுதியான பின் மருத்துவ வண்டியில் நகர்த்தும் நடுவழி அங்கேயும் இருந்தது. அங்கேயும் யாரும் அதை முன்கூட்டி விலை கேட்டு வைத்திருக்கவில்லை.

தாளில் எழுதும் வரிசை

வேறு துறையில் இதே மாதிரி முடிவு முன்னே வந்தால் வேலை இப்படி நடக்கட்டும். முதலில் நல்ல பக்கம், கெட்ட பக்கம் இரண்டையும் எண்ணாக எழுதவும், எதற்கு வரம்பு உண்டு எதற்கு இல்லை என்று பக்கத்தில் குறிக்கவும். இழப்பை யாருடைய ஏட்டில் எழுதுகிறோம் என்று மேலே தலைப்பிடவும். பிறகு ஒவ்வொரு தெரிவுக்கும் நம்பிக்கை வாசலைக் கணக்கிடவும்: தெரிவின் செலவை, அது தடுக்கும் எதிர்பார்ப்பு இழப்பால் வகுக்க வேண்டும். இழப்பையும் காலத்தையும் இரண்டு மூன்று மடங்கு மாற்றிப்போட்டு வாசல் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கவும். ஆடாமல் தாழ்வாகவே நிற்கும் தெரிவுகளை இன்றே செய்யலாம், மேலே கேள்வி வேண்டாம். ஆடும் தெரிவுகளுக்கு மட்டும் ஆய்வு. ஆய்வுக்கு முடிவு தேதி போடவும். தேதிக்கு எதிரே, அதுவரை காத்திருப்பதன் விலையையும் எழுதவும்.

இதில் அடிக்கடி கெடுவது மூன்றாவது படி. தெரிவுகள் இரண்டாகவே இருந்தால் வாசலைக் கணக்கிடத் தொடங்கவே கூடாது. பணியிடத்தில் நடந்து, பொருள்களைத் தொட்டுப் பார்த்து, மூன்றாவதையும் நான்காவதையும் கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும். அடித்தளத்தில் இருக்கும் சுவிட்ச் பலகை கூட்ட அறையிலிருந்து பார்த்தால் தெரியாது, படியிறங்கிப் போனால் தெரியும்.